உரலில் இடித்த சிக்னல்

வெள்ளைக்கரடு ஊரில் பெண்பிள்ளைகளின் போன்களையெல்லாம் மந்தை உரலில் போட்டு இடித்த மறுநாள் காலையில், அதுவரைக்கும் ஊருக்குப் பொதுவாக வந்துகொண்டிருந்த சிக்னல் மொத்தமும் ஆட்டுக்காரர் செல்லையாவின் மகள் அங்காளேஸ்வரியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது, உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், யார் விரட்டியும் இறங்கவில்லை. ஏன் அவள் மேல் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், உரலில் கிளம்பிய தூசி அவள் மூக்கில் ஏறிவிட்டது என்பார்கள், அங்காளம்மன் பேரை வைத்துவிட்டு அழவைத்தால் அவள் சும்மா விடுவாளா என்பார்கள். எனக்கு அந்தக் காரணங்களில் அக்கறை இல்லை. மழை பக்கத்து ஊரில் பெய்துவிட்டு நம் ஊரைத் தாண்டிப் போவது ஏன் என்று கேட்டு இதுவரை யார் பதில் வாங்கியிருக்கிறார்கள்?

இடித்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊர் கூடும் திடலான மந்தையில் இரண்டு கல் உண்டு. ஒன்று பொது உரல். திருவிழாவுக்கு மாவிளக்கு மாவு இடிப்பதும் அதில்தான், ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் முடிவுகட்டிய பொருளை இடித்துத் தூளாக்குவதும் அதில்தான். அப்படித்தான் ஒரு காலத்தில் சாராயப் பானையையும் அதற்கப்புறம் சூதாட்டக் காயையும் இடித்தார்கள், பொருளுக்கு உடையவர்தான் உலக்கை போட வேண்டும் என்பது முறை. இன்னொன்று பேச்சுக்கல். ஊர்க்கூட்டத்தில் அந்தக் கல்லின் மேல் ஏறி நிற்கிறவர் பேசலாம், அவராக இறங்குகிறவரைக்கும் வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கல் காலியாகாமல் கூட்டம் கலையாது, கூட்டம் கலையாமல் யாரும் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கக் கூடாது. ஒருமுறை கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் ஒருத்தர் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அந்தக் கல்லில் நின்று தன் மடையைத் திறக்க வைத்தார் என்று சொல்வார்கள். கூட்டம் கூடினால் பெண்கள் மட்டும் மந்தை ஓரத்து வேப்பமரத்தைத் தாண்டி வருவதில்லை. வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை, வந்ததில்லை, அவ்வளவுதான்.

மேலத்தெருப் பிள்ளை ஒருத்தி கல்லூரிக்குப் போன இடத்தில் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். போன் இருந்ததால்தான் ஓடிப்போனாள் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானமாயிற்று. அவள் பஸ்ஸில் ஏறித்தான் போனாள், பஸ்ஸை யாரும் இடிக்கவில்லை. கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் கையில் இனி போன் இருக்கக் கூடாது என்று ஊர்த்தலைவர் அய்யனார்சாமி கல்லில் ஏறி நின்று சொன்னார். பையன்கள் கையில் இருக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியவர்கள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஆனால் ஊருக்கே தெரிந்த இன்னொரு காரணமும் இருந்தது, அது ஒரு கிடா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அங்காளி, அப்படித்தான் அவளைக் கூப்பிடுவார்கள், அப்பாவின் ஆடுகளை வீடியோ எடுத்து அவற்றுக்குக் குரல் கொடுப்பாள். அதில் பெரிய கிடா ஒன்று தாடியை ஆட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊர்க்கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்டா" என்று சொல்லிவிட்டு அடுத்தவன் வேலியை மேயும். யார் குரல் என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். அந்தக் கிடாவுக்கு எதிர்த்துப் பேச ஒரு கோழி உண்டு, அந்தக் கோழிக்குக் குரல் கொடுத்தவள் குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளை நஸ்ரின். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. அங்காளியின் வகுப்பில் அவளோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை, அவ்வளவு தூரத்தில் ஒருத்தி இருந்தாள். கிடா ஒன்று சொல்லும், கோழி ஒன்று சொல்லும், இரண்டும் சண்டை போடுவதைப் பார்க்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் கை கூசாமல் அசிங்கமாக எழுதியவர்களும் உண்டு, அவர்களைத் தடுத்து வைக்கவும் அவளே கற்றுக்கொண்டாள். ஒன்றுமில்லாததைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக் கண் எரிய உட்கார்ந்திருந்த சாயங்காலங்களும் உண்டு, அப்போது அம்மா பாண்டியம்மாள் திட்டியது நியாயம்தான் என்று அவளுக்கே தெரியும். குப்பை இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அதற்காகத் தெருவையா இடிக்கிறோம்?

இடிக்கச் சொன்ன அன்று மற்றப் பிள்ளைகள் அழுதுகொண்டே உலக்கையைக் கீழே போட்டுவிட்டார்கள். அங்காளி எடுத்தாள். தன்னுடையதையும் அவர்களுடையதையும் சேர்த்து அவளே இடித்தாள், கண்ணைத் தலைவர் மேலேயே வைத்துக்கொண்டு இடித்தாள், கண்ணாடித் தூள் பறந்து ஆம்பளைகள் பின்னால் நகரும்படி இடித்தாள், கடைசியாக ஒரு தும்மல் போட்டாள். இடிப்பதற்குச் சற்று முன்னால் கோழியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அதை அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் ஆரம்பித்து ஊர் முழுக்கப் போன்கள் செத்துக் கிடந்தன. கரட்டின் மேல் நிற்கும் டவர் நின்ற இடத்திலேயே நின்றது, விளக்குகூட எரிந்தது. பையன்கள் கையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிகளில் அலைந்தார்கள். அங்காளி ஆடுகளை ஓட்டிக்கொண்டு டீக்கடையைக் கடந்தாள். கடையில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. அவள் கடந்து போனதும் அடங்கின. பையன்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள், மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆடுகளுக்குப் பின்னால் அவள் போனாள், அவளுக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகளைப் போல அவர்கள் போனார்கள். ஒரு ஆடு கத்தினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்துக்கு அவளைச் சுற்றி சிக்னல் இருந்தது.

டவர் கம்பெனி ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள், ஏறிப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள், அதை ஆபீஸுக்குச் சொல்ல அங்காளியின் வீட்டு வாசலுக்கு வந்து நின்று போன் பேசினார்கள், மோர் குடித்துவிட்டுப் போனார்கள். பூசாரி ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார், அவள் அதைச் சாப்பாட்டுக்குப் பிழிந்துகொண்டாள். இரண்டு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. ஊர்கள் எதற்கும் பழகிவிடும், அநியாயத்துக்குப் பழகிய ஊருக்கு அதிசயத்துக்குப் பழகுவதா கஷ்டம்?

அப்புறம் அங்காளியின் பொழுது அங்காளியுடையதாக இல்லை. காலையில் பால் சொசைட்டி, ரேஷன் போடும் நாளில் கைரேகை மிஷினுக்குப் பக்கத்தில், நூறுநாள் வேலைக்கு ஆள் பேரைப் போனில் ஏற்றும்போது கண்மாய்க் கரையில், சாயங்காலம் பையன்கள் கூடிப் போனில் விளையாடும் பாலத்து மேல் என்று அவள் நிற்க வேண்டிய இடத்தை ஊரே பேசி வைத்துக்கொண்டது. வெளிநாட்டுப் புருஷன் கூப்பிடும் நேரத்துக்கு அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பணியாரம் கொடுத்துச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார்கள். பெண் பார்க்கும் வீட்டுக்குக்கூட அவள்தான் முதலில் போனாள், மாப்பிள்ளையின் அக்கா மஸ்கட்டிலிருந்து பெண்ணைப் பார்க்க வேண்டுமே. அவள் வழியாகப் போகிறதெல்லாம் அவளுக்குத் தெரியாது, எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம் மட்டும்தான். ஆனால் யாராவது பார்க்கக் கூடாததைப் பார்த்தால் பிடரி அரிக்கும், அவள் திரும்பி அந்த ஆளைப் பார்ப்பாள், அவன் போனை வேட்டிக்குள் செருகுவான். அதனால் ஊர் ஆம்பளைகள் பாதிப்பேர் திருந்திவிட்டதாகச் சொல்வார்கள். அது பொய்.

இத்தனைக்கும் அவள் கையில் போன் இல்லை.

"பெரியப்பா, எனக்கு ஒரு போன் குடுங்க" என்று அவள் தலைவரிடம் போய்க் கேட்டாள். பங்காளி முறை, அதனால் பெரியப்பா.

அய்யனார்சாமி தன் போனில் நெல் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் படம் சுத்தமாகத் தெரிந்தது. "ஏத்தா, டவருக்கு எதுக்குத்தா போன்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா? நாங்கெல்லாம் இதை வச்சுக்கிட்டா வளந்தோம்?" என்றார் ஒருத்தர், போனிலிருந்து தலையைத் தூக்காமல். பிள்ளைகளுக்கு இது தேவையா என்று கேட்கிறவர்கள் கையில் எப்போதும் ஒன்று இருக்கிறது, இதை நான் எல்லா ஊரிலும் பார்த்துவிட்டேன்.

அவளுக்கு வலித்தது அந்தச் சிரிப்பு அல்ல. நஸ்ரின் அனுப்பிய செய்தி இன்னும் அவள் காதுக்கு வந்து சேரவில்லை. இறங்க ஒரு போன் இல்லாமல் அது அவள் விலா எலும்புக்குக் கீழே நின்று தட்டிக்கொண்டே இருந்தது, பூட்டிய வீட்டை விருந்தாளி தட்டுகிற மாதிரி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேண்டியவர்கள் அவள் வழியாகப் பேசினார்கள், அவளுக்கு வேண்டியவள் அவளுக்குள்ளேயே வந்து நின்றும் பேச முடியவில்லை. அன்று ஆட்டுத் தொழுவத்தில் போய் அந்தப் பெரிய கிடாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பரீட்சை முடிந்து, மதுரையில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது, ஹாஸ்டலும் சேர்த்து. செல்லையா பொட்டிக்கடையில் மிட்டாய் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார். மிட்டாயை வாங்கி வாயில் போட்டவர்கள் மென்றுகொண்டே யோசித்தார்கள், யோசித்து முடித்ததும் நேரே தலைவர் வீட்டுக்குப் போனார்கள். அவள் மதுரைக்குப் போனால் சிக்னல்?

"ஊர்ச்சொத்துய்யா அது. கோயில் மணிய ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?" என்றார் தலைவர்.

பாண்டியம்மாள் அவர் வாசலிலேயே போய் நின்று கேட்டாள். "எம் மக உங்களுக்கு எப்ப மணியானா? போன வருசம் வரைக்கும் கழுதன்னுல திட்டுனீக?"

பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். கல்லூரிக்குப் போகக் கூடாது, உள்ளூரிலேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிவைப்பது என்று முன்பே பேசி முடித்துவிட்டார்கள், கூட்டம் ஒப்புக்கு. ஆனால் அந்த ஊர் ஆம்பளைகளில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், தீர்மானத்துக்கு அவர்களும் தலையாட்ட வேண்டும், அதற்கு வீடியோ கால் வேண்டும், வீடியோ காலுக்கு அங்காளி வேண்டும். மந்தை நடுவில் எல்லாப் போனுக்கும் சமமாகக் கிடைக்கிற இடம் எது என்று பார்த்தால் பேச்சுக்கல்தான்.

"பொம்பளப்பிள்ளயக் கல்லுல ஏத்தலாமா மாமா?" என்று ஒருத்தர் இழுத்தார்.

"அவ பொம்பளயாவா நிக்கிறா? டவராத்தான நிக்கிறா!" என்றார் அய்யனார்சாமி.

இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அங்காளி ஏறி நின்றாள். தாவணி இல்லை, சுடிதார், தலையில் எண்ணெய் வைத்துச் சீவி ரெட்டைச்சடை. குவைத், மஸ்கட், சிங்கப்பூர் எல்லாம் ஆளுக்கொரு போனில் முகம் காட்டின. தலைவரின் மூத்த மகன் செந்தூர்பாண்டி குவைத்தில் ஏதோ ஒரு அறையில் கட்டிலில் உட்கார்ந்து, "தெரியுதுப்பா, சூப்பரா தெரியுது" என்றான். தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் கல்லின் மேலிருந்து அதே செருமல் கேட்டது.

"ம்மே... ஏ... ஊர்க்கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்டா!"

மந்தையில் இருந்த தலைகளெல்லாம் தலைவர் பக்கம் திரும்பின. அப்புறம் குவைத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. "யப்பா, அச்சு அசல் நீங்கதான்!" மஸ்கட் சிரித்தது. சிங்கப்பூர் கட்டிலிலிருந்து விழுந்தது. மந்தையில் இருந்தவர்கள் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

"ஏய், இறங்குடி!" என்று தலைவர் எழுந்தார்.

"உஸ்ஸ்" என்றார்கள் பக்கத்தில் இருந்த கிழவர்கள். கல்லில் ஆள் நிற்கும்போது இன்னொருத்தர் பேசுவதை அவர்கள் தங்கள் ஆயுளில் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. ஊர்க்கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான். தலைவர் வாய் திறந்தபடியே உட்கார்ந்தார்.

அங்காளி பேச ஆரம்பித்தாள். "நான் இறங்க மாட்டேன். உங்க ரேஷனுக்கு நின்னேன், உங்க கூலிக்கு நின்னேன், நீங்க பாலத்துல உக்காந்து வெளையாடக் கால் கடுக்க நின்னேன். ஒரு நாள் எனக்காக நிக்கிறேன். நெட்டு கெட்டதுன்னீங்க. கெட்டதுன்னா எதுக்கு எம் பின்னாலயே அலையிறீங்க? நல்லதுன்னா எதுக்கு என் கையில இல்ல? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க." அவர்கள் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும், அதனால் சிரித்தாள். "அதுல குப்பை கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்கள விட எனக்குத்தான் தெரியும். என்னயப் பத்தி அசிங்கமா எழுதுனதப் படிச்சது நானு, நீங்க இல்ல. குப்பையக் கூட்டத் தெரிஞ்ச கைதான் இது. ஆனா எனக்கு அதுல ஒருத்தி இருந்தா. நான் பேசுனா அவளுக்குச் சிரிப்பு வரும், அவ பேசுனா எனக்கு வரும். அம்புட்டுத்தான். அதையும் உரல்ல போட்டீங்க. இடிச்சது நாந்தான். இடிக்கச் சொன்னது யாரு?"

அப்புறம் அவள் கேட்டாள். இடித்த போன் அத்தனைக்கும் பதில் போன், எல்லாப் பிள்ளைகளுக்கும், இடிக்கச் சொன்னவர்கள் வாங்கித் தர வேண்டும். பிள்ளைகள் படிக்கிற ஊருக்குப் போக யார் கையும் குறுக்கே வரக் கூடாது. "தலையாட்டுனாப் போதும். வாயத் தொறக்க வேண்டாம்."

யாரும் ஆட்டவில்லை. அவளும் இறங்கவில்லை. வெயில் வேப்பமரத்தைத் தாண்டி மந்தைக்குள் வந்தது. பேச விஷயம் தீர்ந்ததும் ஆடுகள் பேசின, கிடா பேசியது, வெள்ளாட்டங்குட்டி பேசியது, பால் சொசைட்டிச் செயலாளர் ஒரு செம்மறியாக வந்து பாலில் தண்ணீர் கலந்தார், பூசாரி ஒரு மலட்டாடாக வந்து குறி சொன்னார், யாரும் வாயைத் திறந்து மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு வாசம் எல்லா வீட்டிலிருந்தும் எழுந்து மந்தைக்கு வந்து, ஒவ்வொரு மூக்கிலும் புகுந்து, பசியைக் கிள்ளிவிட்டுப் போனது. குழம்பு ஆறியது. அவள் குரல் கட்டியது.

குரல் உடைந்து அவள் இருமியபோதுதான் பாண்டியம்மாள் வேப்பமரத்தைத் தாண்டினாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். ஆம்பளைகளுக்கு நடுவில், கால்களைத் தாண்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கல்லுக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமென்றால் பேச வேண்டுமே. "குடிச்சுட்டுப் பேசுடி" என்றாள். தலைவரின் அதட்டலுக்கப்புறம் மந்தையில் கல்லுக்குக் கீழே நின்று பேசிய ஒரே ஆள் அவள்தான், அவளை உஸ் என்று அடக்க ஒரு கிழவருக்கும் தைரியம் வரவில்லை. அவள் திரும்பிப் போகாமல் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் மேலத்தெருப் பிள்ளையின் அம்மா வந்தாள். அப்புறம் போனை இழந்த பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் மரத்துக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அங்காளி தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலைவரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது, விரல் நடுங்கியது. அவளுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் பயமாக இருந்தது. "பெரியப்பாவுக்குச் சுகர் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடலைனா தாங்க மாட்டாக. நீங்க தலையாட்டுறதுக்கு நான் காத்திருக்கலாம், உங்க ஒடம்பு காத்திருக்காது. வீம்புக்கு விழுந்துறாதீங்க, ஆட்டுங்க பெரியப்பா."

குவைத்திலிருந்து செந்தூர்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, வாயைத் திறக்காமல், தன் தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினான். தலைவர் அந்தத் திரையைப் பார்த்தார், மகளைப் போன்றவளைப் பார்த்தார், தாடியைத் தடவினார். அப்புறம் ஆட்டினார். கிடா ஆட்டுகிற மாதிரியே இருந்தது.

போன்கள் வந்தன, மலிவானவைதான், ஆனால் புதியவை. கல்லூரி திறக்கிற அன்று காலை அங்காளி டிரங்குப் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஊரே கூடியிருந்தது, வழியனுப்ப என்று சொன்னார்கள், கடைசிக் கடைசியாகப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் புதுப் போனை இன்னும் திறக்கவில்லை, உறைக்குள்ளேயே வைத்திருந்தாள். பஸ் வந்தது. செல்லையா பெட்டியை ஏற்றினார். பாண்டியம்மாள் அழவில்லை, ஏறிப்போகிற மகளின் சடையை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டாள்.

அய்யனார்சாமி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கையில் போன், அதில் சிக்னல் நிறைய இருந்தது. "ஏத்தா, இனி எப்பத்தா வருவ?"

"போன் போட்டுக் கேளுங்க பெரியப்பா" என்றாள் அங்காளி.

பஸ் கிளம்பியது. தலைவர் போனைப் பார்த்தபடி இரண்டு எட்டு ஓடி வந்தார், அவர் போனில் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது, புளியமரத்து வளைவில் கடைசிக் கோடும் போனது. அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் பஸ் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

பஸ்ஸுக்குள் அத்தனை போன்களும் கத்தின. கண்டக்டர், "என்னடா இது, கணவாய்க்குள்ள என்னைக்கும் இல்லாத சிக்னல்" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு டிக்கெட் கிழிக்கப் போனார். அங்காளி தன் போனைத் திறந்தாள். விலா எலும்புக்குக் கீழே இத்தனை காலம் தட்டிக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கி, அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அவள் அதைக் காதில் வைத்தாள். கோழியின் குரல், கொஞ்சம் பயந்துபோன குரல்.

"ஏய் கிடா, ஒங்க ஊர்ல என்னமோ இடிக்கப் போறாங்கன்னு சொன்னியே. நீ உசுரோட இருக்கியா? சொல்லு கிடா."

அங்காளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள், தாடி இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டாள், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னாள்.

"உசுரோடதான்டி இருக்கேன் கோழி. என்னைய அறுக்கிற கத்திய இன்னும் எவனும் அடிக்கல."